வாசலில் நிற்பவர்களுக்கு

வரவேற்புக் குழுவினர் எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.

இப்போது ஆராதனைக்குப் புதிதாகச் சிலர் வருகிறார்கள். குடியை விட்டவர், ஜெயிலிலிருந்து திரும்பியவர், வீட்டாரைப் பிரிந்து இருப்பவர் என்று பலரும் உண்டு. ஊரே பேசி முடித்த கதை. நாம் வேறு பேச வேண்டாம்.

கைகொடுத்து, பாட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, நடு வரிசையில் நம்மவர் யாராவது பக்கத்தில் உட்கார வையுங்கள். கடைசி பெஞ்சைக் காட்டாதீர்கள். "யார் வீட்டுப் பிள்ளை, எந்தத் தெரு?" என்று தோண்டவும் வேண்டாம். அந்தக் கேள்வி எங்கே போய் நிற்கும் என்று நமக்குத் தெரியாதா என்ன! வந்த மறுவாரமே சபை முன் தன் வாழ்க்கைச் சாட்சி சொல்லக் கூப்பிடுவதும் வேண்டாம்.

முன்பு விசுவாசிகளைத் துன்பப்படுத்திய சவுல் (பிற்பாடு பவுல்) மனம் மாறி எருசலேமுக்கு வந்தபோது சீஷர்களே நம்பாமல் பயந்தார்கள். பர்னபாதான் அவரை அப்போஸ்தலரிடம் கூட்டிக்கொண்டு போனார் (அப்போஸ்தலர் 9:26, 27). சனிக்கிழமை ஜெபத்துக்கு வருமுன் அந்தப் பகுதியை வாசித்துவிடுங்கள்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஓய்வுநாள் பள்ளிப் பொறுப்பு, காணிக்கை எண்ணும் வேலை கொடுப்பது எல்லாம் வேறு விஷயம். அதை ஆயரும் கமிட்டியும் பார்த்துக்கொள்வார்கள். யாருடைய பழைய விவகாரத்தையும் இந்தக் குழுவில் போடாதீர்கள், போட்டால் நீக்கிவிடுவேன்.

அப்புறம், வரும் ஞாயிறு பக்கவாசலில் நிற்க அக்காமார் இரண்டு பேர் வேண்டும். முடிந்தவர்கள் இன்று இரவுக்குள் சொல்லுங்கள்.