எங்கள் சிறு குழுவுக்கு ஒரு நன்றி மடல்

கர்த்தருக்குள் அன்பான சிறு குழுச் சகோதர சகோதரிகளுக்கும், போதகர் ஐயா அவர்களுக்கும், சபையார் அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

என் கணவர் பக்கவாதத்தால் படுக்கையில் விழுந்த நாள் முதல் எங்கள் குடும்பத்தைத் தாங்கிவரும் உங்களுக்கு நேரில் நன்றி சொல்ல வாயெடுக்கும் போதெல்லாம், "இதற்கெல்லாம் எதற்கு நன்றி" என்று நீங்கள் பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். ஆகையால் சபையார் எல்லாரும் வாசிக்கும்படி எழுதிவிடுவது என்று தீர்மானித்தேன். வீடுகளில் கூடி ஜெபிக்கும் இந்தச் சிறு குழுக்களில் சேரலாமா வேண்டாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கும் குடும்பங்களின் கண்ணிலும் இது பட வேண்டும் என்பது என் விருப்பம்.

ஞாயிறு ஆராதனையை நான் குறைத்துப் பேசவில்லை. சபையாகக் கூடிப் பாடுவதும், தேவவசனத்தைக் கேட்பதும், திருவிருந்தில் பங்குபெறுவதும் விசுவாசிக்கு இன்றியமையாதவை. ஆனால் நூற்றுக்கணக்கானோர் கூடும் ஆலயத்தில் ஒருவர் இரண்டு வாரம் வராவிட்டால், வெளியூர் போயிருப்பார் என்றுதான் பக்கத்தில் உட்காருகிறவர் நினைத்துக்கொள்வார். அதற்காக அவர்மேல் குறைசொல்லவும் முடியாது. நீங்களோ, என் கணவர் விழுந்த அன்று மாலை குழு ஜெபம் தொடங்கியும் நாங்கள் வந்துசேரவில்லை என்பதைக் கவனித்து, தொலைபேசியில் அழைத்து, நான் எடுக்காமல் போகவே வீட்டுக்கே வந்துவிட்டீர்கள். செவிலியராகப் பணிபுரியும் நம் சகோதரி, என் கணவருடைய வாய் ஒரு பக்கம் கோணியிருப்பதைப் பார்த்த மாத்திரத்தில், நான் புகட்டப்போன தண்ணீரைத் தடுத்து, எத்தனை மணிக்கு இது தொடங்கியது என்று என்னிடம் கேட்டு எழுதி, ஆம்புலன்ஸை வரவழைத்தார். மூளையில் அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைச் சில மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பயன் என்பதால், அந்தக் குறிப்பைத்தான் மருத்துவர்கள் முதலில் கேட்டார்கள்.

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பிறகுதான் உண்மையான பாரம் தொடங்கியது. படுக்கைப்புண் வராதபடி அவரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டியிருந்தது. அது ஒருவரால் ஆகிற காரியமன்று. யார் எந்த இரவு வருவது என்று நீங்களே முறைவைத்துக்கொண்டு, என்னைத் தூங்கச் சொன்னீர்கள். மாத்திரைகளின் பெயரையும் வேளையையும் பெரிய எழுத்தில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டிய தம்பிக்கும், எதையும் கேட்டுக்கொண்டிராமல் நேரே போய்ப் பாத்திரம் தேய்த்த அக்காவுக்கும், அதிகம் பேசாமல் கட்டிலருகே வெறுமனே உட்கார்ந்திருந்த மூத்த சகோதரருக்கும் தனித்தனியே நன்றி சொல்கிறேன். "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து" என்று பவுல் கலாத்தியருக்கு எழுதியதை நிறைவேற்ற, முதலில் அந்தப் பாரம் எது என்பது பக்கத்தில் இருக்கிறவருக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

எல்லாவற்றிலும் பெரிதாக நான் எண்ணுவது ஒன்று உண்டு. என் கணவருக்குப் பேச்சு நின்றுபோயிருந்தது. என் பெயரைச் சொல்லக்கூட அவருக்கு வார்த்தை வரவில்லை. கூட்டத்தை எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று நீங்கள் வந்த அன்று, வழக்கமான கீர்த்தனையின் இரண்டாம் அடியில் அவர் சொற்களோடு சேர்ந்து பாடினார். மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டுப் பேச்சை இழந்தவர்களில் சிலர், பழகிய பாட்டை மட்டும் வார்த்தை பிசகாமல் பாடுவது உண்டு என்றும், பாடுவதில் வலப்பக்கமும் பங்கெடுக்கிறது என்றும் பேச்சுப்பயிற்சி அளிப்பவர் பிறகு விளக்கினார். ஆயிரம் குரல்கள் முழங்கும் ஆலயத்தில் அந்த மெல்லிய குரல் யார் காதிலும் விழுந்திராது. பத்துப்பேர் அமர்ந்திருந்த அறையில் எல்லாருக்கும் கேட்டது. அன்றுமுதல் அவருடைய வேகத்துக்கு நீங்கள் தாளத்தைத் தளர்த்திக்கொண்டீர்கள், நன்றாகப் பாடத் தெரிந்தவர்கள் உட்பட. (அவர்களுக்கு அது எவ்வளவு கடினம் என்பது எனக்குத் தெரியும்.)

வீடுகளில் கூடுவது நம் காலத்துப் புதுமையன்று. ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் ஆகியோரின் வீட்டில் கூடிய சபையையும், பிலேமோன் வீட்டுச் சபையையும் பவுலின் நிருபங்கள் வாழ்த்துகின்றன. இங்கிலாந்துப் போதகர் ஜான் வெஸ்லியின் மெத்தடிஸ்ட் என்னும் கிறிஸ்தவ இயக்கத்தில் நடந்தது இன்னும் சுவையானது: 1742-இல் பிரிஸ்டல் நகரில் ஆலயக் கட்டடக் கடனை அடைப்பதற்காக, உறுப்பினர்களை ஏறக்குறைய 12 பேர் கொண்ட வகுப்புகளாகப் பிரித்து, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி வசூலிக்க ஏற்பாடு செய்தார்கள். வசூலிக்கப் போனவர்கள் பணத்தோடு அந்தந்த வீட்டின் நிலைமையையும் அறிந்து வந்தார்கள்; மந்தையை விசாரிக்க இதுவே வழி என்று வெஸ்லி கண்டுகொண்டார். நம் குழுவும் சந்தா சேர்க்கவும் அறிவிப்புத் தாள் கொடுக்கவும் பிரித்த வட்டாரமாகத்தானே தொடங்கியது?

சிறு குழு என்றாலே அடுத்த வீட்டுக் கதை பேசும் இடம் என்று அஞ்சி விலகியிருப்போர் உண்டு. அந்த அச்சம் நியாயமானதே. எங்கள் பணநெருக்கடியைப் பற்றி ஜெபவேளையில் நான் அழுது சொன்னது இன்றுவரை அந்த அறையைத் தாண்டவில்லை. அதைக் காத்த ஒவ்வொருவருக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன். கூட்டத்தை இன்னொரு பிரசங்கமாக்காமல், வேதபாடக் கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பொறுமையாகக் காத்திருக்கத் தெரிந்த குழுத் தலைவர் அண்ணனுக்கும், அவரை அப்படிப் பயிற்றுவித்த போதகர் ஐயாவுக்கும் என் நன்றி.

ஆட்கள் பெருகிவிட்டதால் நம் குழுவை இரண்டாகப் பிரிக்கப்போவதாக அறிகிறேன். பிரிவது எனக்கு வருத்தமே. ஆனாலும் யாருடைய மௌனமும் கவனிக்கப்படாமல் போகுமளவுக்குக் குழு பெருத்துவிடக் கூடாது என்பதால் ஒப்புக்கொள்கிறேன். புதிய குழு கூடுவதற்கு எங்கள் வீட்டுக் கூடத்தைத் தருகிறோம். சக்கர நாற்காலிக்காக வாசலில் சாய்தளம் போட்டிருப்பதால், படியேற இயலாத முதியோரையும் அழைத்து வரலாம். முதல் கூட்டத்துக்கான பாட்டை என் கணவரே தேர்ந்தெடுத்துவிட்டார். பாட்டுப் புத்தகம் போதுமான அளவு இல்லாததால், வருகிறவர்கள் தங்களுடையதைக் கொண்டுவரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கர்த்தருக்குள் உங்கள் சகோதரி