அத்தைக்கு அடுத்த புத்தகம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து நாலு மாதமாகிறது. பதில் போடாதது என் தப்புதான். வீட்டில் எல்லோரும் சௌக்கியம். வாத்தியாருக்கு முழங்கால் வலி இன்னும் விடவில்லை. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

மாடிவீட்டு அத்தை நம் வாசிப்பு வட்டத்துக்கு வர ஆரம்பித்தார் அல்லவா? முதல் நாளே அவர் கையில் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யைத் திணித்தேன். அந்த நாவல் மேல் எனக்கிருக்கும் வெறி உனக்குத் தெரியும். விடுதியில் உன்னைத் தூங்கவிடாமல் எத்தனை இரவு படித்துக் காட்டியிருக்கிறேன்! மெடான், பினாங்கு, யுத்தம், வழியெல்லாம் மலாய்ச் சொற்கள். அத்தை அடுத்த இரண்டு கூட்டத்துக்கும் வரவில்லை. பிறகு பேரன் கையில் புத்தகம் திரும்பி வந்தது. "எனக்கெல்லாம் இது ஏறாதுப்பா" என்றாராம். நாற்பது வருஷத்துக்கு அப்புறம் படிக்க வந்தவரை நானே விரட்டிவிட்டேனே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

குட்டிதான் மாடியேறிப் போனாள். புத்தகம் எதுவும் கொண்டுபோகவில்லை. "சின்ன வயசுல என்ன படிச்சீங்க அத்தை?" என்று மட்டும் கேட்டிருக்கிறாள். தொடர்கதைகளைக் கிழித்துத் தைத்து வைத்தது, எட்டாவதோடு படிப்பை நிறுத்தியது எல்லாம் வெளியே வந்திருக்கிறது. மறுநாள் ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' கொடுத்தாள். 1964இல் வந்த சின்ன நாவல். வயசுக்கு வந்ததும் அதன் நாயகி லிஸியைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டோடு வைத்துவிடுவார்களே, ஞாபகம் இருக்கிறதா? போன ஞாயிறு அத்தை வந்தார். யாரும் கேட்காமலே அந்த இடத்தை எடுத்து வாசித்தார். பாதியில் குரல் நின்றுவிட்டது. புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். அன்று வேறு யாரும் எதையும் சிபாரிசு செய்யவில்லை.

வீட்டுக்கு வந்து உ.வே.சா. தன் வாழ்க்கையை எழுதிய 'என் சரித்திர'த்தை எடுத்தேன். 1880 அக்டோபர் 21. கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியார், என்ன படித்திருக்கிறீர்கள் என்று உ.வே.சா.விடம் கேட்டார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் என்று உ.வே.சா. அடுக்கிய பட்டியல் முழுவதையும் கேட்ட பிறகே முதலியார் சீவக சிந்தாமணியின் பேரைச் சொன்னார். கொஞ்சம் கடுமையாகத்தான் பேசினார், ஆனால் பேரைச் சொன்னதோடு விடவில்லை. பிரதியையும் கொடுத்து, உட்கார்ந்து பாடமும் கேட்டார். 1887இல் உ.வே.சா.வின் பதிப்பாகச் சிந்தாமணி அச்சில் வந்தது. ஏழு வருஷம் கழித்துப் புறநானூறு. அந்தப் பக்கங்களை நாம் எத்தனை தடவை பேசியிருப்போம்! நான் எப்போதும் பதிப்பைப் பற்றியே பேசியிருக்கிறேன், அந்தக் கேள்வியைக் கவனிக்கவே இல்லை.

நம் கூட்டத்தில் யார் யாரைக் கேட்கிறோம், சொல்லு. ஆளுக்கொரு புத்தகத்தைப் பாராட்டிவிட்டு எழுந்து போகிறோம். நீயும் அப்படித்தான். போன தடவை வந்தபோது பூமணியின் 'வெக்கை' நாவலைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினாய், எதிரே இருந்தவர் அதை ஏற்கெனவே படித்தவர் என்று கடைசியில்தான் தெரிந்தது. இனிமேல் புதிதாக வருகிறவர் முதலில் பேசட்டும் என்று சொல்லிவிட்டேன். வாத்தியாருக்கு இதில் இஷ்டமில்லை. நேரம் போய்விடுமாம். போகட்டும்.

அத்தை இப்போது "அடுத்து என்ன?" என்று என்னையே கேட்கிறார். எனக்கு ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' தோன்றுகிறது. உப்பளத்து ஜனங்களின் பாடு அவருக்குப் பிடிபடும். ஆனால் லிஸியை விட்டு உடனே அவ்வளவு வெயிலுக்குள் கூட்டிப்போகலாமா என்று பயமாகவும் இருக்கிறது. உன் அம்மாவுக்கும் ஏறக்குறைய இதே வயசுதானே. அவர் விரும்பிப் படித்தது எது என்று கேட்டு எழுது. ஞாயிற்றுக்குள் பதில் வேண்டும்.

உன் பழைய நண்பன்