நீர்ச்சக்கர மாவாலையும் ஊரக வாழ்வியல் காட்சியகமும்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியே முன்வைப்பார். ஆலை ஓடிய விதம், பார்வையாளர் ஏற்பாடு, காட்சியகப் பொருள்களின் நிலை ஆகியவை மட்டும் இங்கே.

மாவு அரைக்காத நாளிலும் சக்கரத்தை ஏன் ஓட்ட வேண்டும் என்ற கேள்வி செயற்குழுவில் இந்த ஆண்டும் எழுந்தது. மரச்சக்கரம் அசையாமல் நின்றால் அடிப்பாகம் நீரைக் குடித்துக் கனக்கும். மேற்பாகம் காய்ந்து வெடிக்கும். பிறகு ஓட்டும்போது கனத்த பக்கம் இறங்கையில் வேகம் கூடும், ஏறுகையில் குறையும். அந்தத் தள்ளாட்டத்தின் அடி ஒவ்வொரு சுற்றிலும் பல்சக்கரத்தின் அதே பற்கள்மேல் விழும். ஆகவே கல்லைச் சுழற்றும் சிறு பல்சக்கரத்தை விலக்கிவிட்டுச் சக்கரத்தை மட்டும் ஓடவிடும் வழக்கம் தொடர்ந்தது. நீர் இல்லாத வாரங்களில் அவ்வப்போது அரைச் சுற்று கையால் திருப்பி நிறுத்தினோம்.

மழைக்காலத்தில் ஆறு நிறைய ஓடியும் ஆலையை நிறுத்தியது பலருக்கு வியப்பு. சக்கரத்தைச் சுழற்றிய நீர் வெளியேறும் வெளிப்போக்கு வாய்க்காலின் மட்டம் உயர்ந்து சக்கரத்தின் அடி மூழ்கினால், ஏறும் பக்கம் அந்த நீரை உழுதுகொண்டுதான் மேலே வர வேண்டும். நம்முடையது மேலிருந்து நீர் விழும் சக்கரம். நீரின் எடைதான் அதை இழுக்கிறது. கீழே நீர் மோதி ஓடும் சக்கரத்தைவிட இவ்வகை ஏறத்தாழ இரு மடங்கு திறன் தரும் என்பதை ஜான் ஸ்மீட்டன் மாதிரிச் சக்கரங்களை வைத்து அளந்து 1759-இல் வெளியிட்டார். நொடிக்கு 200 லிட்டர் நீர் 3 மீட்டர் இறங்கினால் ஏறத்தாழ 5.9 கிலோவாட். சிதறலும் உராய்வும் போக அதில் 60 முதல் 65 விழுக்காடு தண்டுக்கு வந்தால் நல்ல சக்கரம். ஒரு ஜோடிக் கல்லுக்கு அது போதும். இரண்டாவது ஜோடியையும் சேர்த்து ஓட்டிக் காட்டுங்கள் என்ற கோரிக்கையை ஏற்க முடியாதது இதனால்தான். நீர் வரும் வழியிலுள்ள கம்பித் தடுப்பில் இலை அடைத்தாலே வேகம் தளர்ந்துவிடும் என்பதால், காலையில் மதகைத் தொடும் முன் தடுப்பை வாருவது முதல் வேலை.

இவ்வாண்டின் பெரிய வேலை கல் கொத்தியது. மாவு சூடாக விழுவதும், தவிடு செதிலாக உரியாமல் பொடிந்து வருவதும் கல் மழுங்கியதன் அடையாளம். மேற்கல்லை இன்னும் இறக்கினால் சரியாகும் என்று நினைப்பவர் உண்டு, சூடுதான் கூடும். தானியத் தொட்டியையும் கல்லை மூடும் மர உறையையும் கழற்றி, 1.2 மீட்டர் விட்டமும் ஏறத்தாழ ஒரு டன் எடையும் உள்ள மேற்கல்லைத் தூக்கிப் புரட்டினோம். காவி தடவிய நேர்ச்சட்டத்தை முகத்தில் தேய்த்தால் மேடுகள் சிவக்கும். சிவந்த இடத்தைக் கொத்தி, மறுபடி தேய்த்து, காவி சீராகப் படியும்வரை இதுவே வேலை. அதன்பின் பள்ளங்கள்: கல் பத்துப் பிரிவு, பிரிவுக்கு நான்கு பள்ளம். ஒரு விளிம்பு செங்குத்தாக நிற்க, மறுவிளிம்பு சாய்ந்து மேட்டோடு சேர வேண்டும். இரு கல்லின் பள்ளங்களும் கத்தரிபோல் ஒன்றையொன்று கடக்கும்போதுதான் தானியம் வெட்டுப்பட்டு ஓரத்துக்கு நகரும். தானியம் இறங்கும் நடுத்துளையருகே இரு கல்லுக்கும் இடைவெளி சற்று அதிகம். ஓரத்தில் மெல்லிய தாள் நுழையும் அளவே. கொத்தும்போது பறக்கும் தூசியில் சிலிக்கா இருப்பதால் துணியைக் கட்டிக்கொள்வது போதாது. வடிகட்டி உள்ள முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம். கொத்திய பின் முதலில் அரைத்த மாவில் கல்பொடி கலந்திருக்கும் என்பதால் முழுவதையும் கொட்டிவிட்டோம். மாடுகளுக்குத் தரலாமே என்றார் ஒருவர். தரவில்லை.

வறட்சியில் மரம் சுருங்கி, பெரிய பல்சக்கரத்தின் சில பற்கள் ஆட ஆரம்பித்தன; ஆப்பு இறுக்கினோம், தேய்ந்தவற்றை மாற்றினோம். இரும்புப் பல்லோடு மரப்பல் சேர்ந்தால் சத்தமும் குறைவு, தீப்பொறியும் வராது. ஏதாவது சிக்கினால் ஒடிவது மலிவான மரப்பல்தான்.

பார்வையாளர்களை அரைகற்கள் உள்ள தளத்துக்குச் சிறு குழுக்களாக மட்டும் அனுப்புகிறோம். தளர்ந்த துணி, தொங்கும் துண்டு, கட்டாத கூந்தல் ஆகியவற்றோடு தண்டருகே யாரையும் விடுவதில்லை. மாவுத்தூசி காற்றில் அடர்ந்தால் வெடிக்கும். நெருப்புத் தடை அதற்காக. தொட்டியில் தானியம் குறைந்தால் வாரின் பிடி தளர்ந்து மணி அடிக்கும் அமைப்பைப் பழுது பார்த்துவிட்டோம். (சிறுவர்களுக்குச் சக்கரத்தைவிட இந்த மணிதான் பிடித்திருக்கிறது.) அது வேடிக்கைக்கு வைத்ததல்ல. தானியமின்றிச் சுழன்றால் கல்லோடு கல் உரசிக் கொத்திய முகம் போய்விடும், பொறியும் பறக்கும். ஆகவே மணி கேட்டதும் பேச்சை நிறுத்திவிட்டு மதகுக்குப் போக வேண்டும் என்று வழிகாட்டிகளுக்குச் சொல்லியிருக்கிறோம்.

காட்சியகத்தில் கலப்பைகளும் முறங்களும் நலம். ஒரு வண்டிச்சக்கரத்தின் அடியில் புதிய மரத்தூள் உதிர்ந்திருந்தது, துளைவண்டு. சிறு மரப்பொருள்களைப் பாலித்தீன் உறையில் காற்றுப் புகாமல் கட்டி −18 டிகிரியில் இரண்டு வாரம் வைத்தோம். வெளியே எடுத்ததும் உறையைப் பிரிக்கக் கூடாது. பொருள் அறை வெப்பத்துக்கு வரும் முன் திறந்தால் வியர்த்துவிடும். பளபளப்புக்காக ஆளிவிதை எண்ணெய் பூசும் பழக்கத்தை அடியோடு விட்டுவிட்டோம். அது கறுத்துப் பிசுபிசுக்கும். எண்ணெய்த் துணியைக் குவித்து வைத்தால் தானே தீப்பிடிக்கவும் கூடும்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு இரண்டு: வெளிப்போக்கு மட்டம் சக்கரத்தின் அடியைத் தொட்டால், முன்பதிவு இருந்தாலும் ஓட்டத்தை ரத்து செய்யும் அதிகாரம் அன்றைய ஆலைப் பொறுப்பாளருக்கே என்பது; அடுத்த வறட்சிக்கால இடைவெளியில் ஆலைக்குளத்தின் வண்டலை அள்ளுவது.

செயலாளர்