ஏழு நாள் முகாமுக்குப் பிள்ளைகளை அனுப்பிவையுங்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு நெருங்கிவிட்டது. இந்த நேரத்தில் தலைமையாசிரியையிடமிருந்து கடிதம் வந்தால் மதிப்பெண்ணைப் பற்றித்தான் இருக்கும் என்று நினைப்பீர்கள். இது வேறு விஷயம். தேர்வு முடிந்து வரும் விடுமுறையில் நம் பள்ளியின் நாட்டு நலப்பணித் திட்டப் பிள்ளைகள் பக்கத்துக் கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாம் போடுகிறார்கள். உங்கள் பிள்ளையை அதற்கு அனுப்பிவையுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். முக்கியமாகப் பெண் பிள்ளைகளை.

சென்ற வாரம் ஒப்புதல் படிவம் கொடுத்து அனுப்பினோம். பையன்கள் படிவம் பெரும்பாலும் கையெழுத்தோடு வந்துவிட்டது. பெண் பிள்ளைகள் படிவத்தில் பலவற்றில் “என் மகளுக்கு விருப்பம் இல்லை” என்று எழுதியிருந்தது. அந்தப் பிள்ளைகளைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினேன். ஒருத்திகூட விருப்பம் இல்லை என்று சொல்லவில்லை. “எனக்குப் போகணும் டீச்சர், வீட்லதான் வேண்டாங்கறாங்க” என்றார்கள். உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. நானும் ஒரு மகளைப் பெற்றவள்தான். அதனால் ஒப்புக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பாமல், என்ன நடக்கிறது, எதற்காக நடக்கிறது என்று விவரமாகவே சொல்லிவிடுகிறேன்.

நாட்டு நலப்பணித் திட்டம் நேற்று வந்ததில்லை. காந்தி நூற்றாண்டு ஆண்டான 1969-இல், செப்டம்பர் 24 அன்று, முதலில் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கினார்கள். அப்புறம்தான் மேல்நிலைப் பள்ளிகளுக்கும் வந்தது. வருடம் முழுக்கச் சின்னச் சின்ன வேலைகள் இருக்கும். அவற்றோடு ஒரு முறை ஏழு நாள் சேர்ந்தாற்போல ஒரு ஊரில் தங்கி, அந்த ஊருக்குத் தேவையான வேலையைச் செய்வதுதான் சிறப்பு முகாம்.

நம் பகுதிக்கு இதை நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அன்று நான் இதே பள்ளியில் தாவரவியல் ஆசிரியை. கஜா புயல் ஓய்ந்து காலையில் பள்ளிக்கு வந்து பார்த்தால், வகுப்பறைகள் முழுக்க மக்கள். பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுக் கைக்குழந்தைகளைத் தரையில் படுக்க வைத்திருந்தார்கள். கரண்ட் இல்லை, போன் இல்லை, சாலையெல்லாம் தென்னை மரம். யாரும் கூப்பிடாமலே வந்து நின்றவர்கள் அந்த வருடத்து நலப்பணித் திட்டப் பையன்கள். யார் வீட்டில் வயதானவர்கள் தனியாக இருக்கிறார்கள், எந்தத் தெருவில் அடி பம்பு வேலை செய்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. முந்தைய மாதம்தான் முகாமில் அந்தத் தெருக்களில் வீடு வீடாகக் கணக்கெடுத்திருந்தார்கள். குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தார்கள், நடக்க முடியாத பெரியவர்களை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். அதில் இரண்டு பையன்களின் வீட்டுக் கூரையே போயிருந்தது என்பது எனக்கு நான்கு நாள் கழித்துத்தான் தெரியும்.

அன்று அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நம் வகுப்பறையில் உட்கார்ந்திருந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள்தான் இப்போது நம் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு. சென்ற ஆண்டு முகாமுக்குப் போனவர்களும் அவர்களே. போன இடத்தில் என்ன செய்தார்கள் என்று சொல்கிறேன்.

முதல் இரண்டு நாள் கொட்டாங்கச்சி பொறுக்கினார்கள். கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். தென்னை அதிகம் உள்ள நம் ஊர்களில் கொல்லைப்புறத்தில் கிடக்கும் கொட்டாங்கச்சியிலும் பழைய டயரிலும் தேங்குகிற மழைத்தண்ணீர்தான் டெங்கு கொசுவுக்குப் போதுமான இடம். முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாள் போதும். எனவே ஒரு தடவை பொறுக்கிவிட்டு வந்தால் பிரயோஜனம் இல்லை. பிள்ளைகள் முகாம் முடிந்த பிறகும் வாராவாரம் சனிக்கிழமை அந்த ஊருக்கு சைக்கிளில் போனார்கள். தீபாவளி வரைக்கும் போனார்கள். யாரும் அவர்களைப் போகச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து செவிலியர்கள் வந்து சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்த்தார்கள். பெரியவர்களை வீட்டிலிருந்து கூட்டி வருவதும் பெயர் எழுதுவதும் பிள்ளைகள் வேலை. தனக்குச் சர்க்கரை இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது என்று சொன்ன பாட்டி ஒருவர், இன்றும் எங்கேயாவது பார்த்தால் நம் பிள்ளைகளை நலம் விசாரிக்கிறார்.

அந்த முகாமில் நான் மிகவும் பெருமைப்பட்ட நாள் அக்டோபர் 2. அன்று அந்த ஊரில் கிராம சபை. அது வாக்காளர்களின் கூட்டம் என்பதால் நம் பிள்ளைகள் ஓரமாகப் பாய் விரித்து உட்கார்ந்து கேட்டார்கள். வீடு வீடாகக் கணக்கெடுத்தபோது ஒரு மாணவி தன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தாள். மாலையில் பள்ளி விட்டபிறகு பஸ் இல்லாமல் நடந்தே வீடு திரும்பும் பெண் பிள்ளைகளின் பெயர், வகுப்பு, நடக்கும் தூரம் எல்லாம் அதில் இருந்தது. பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் அதை வாங்கிப் பார்த்தார், எழுந்தார், சபையில் சத்தமாக வாசித்தார். கூட்டத்தில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. மாலை பஸ் கேட்டு அன்று தீர்மானம் எழுதப்பட்டது. பஸ் இன்னும் வரவில்லை. ஆனாலும் அந்தக் கோரிக்கை இப்போது ஏட்டில் இருக்கிறது, கேட்டுக்கொண்டே இருக்கலாம். குடிமையியல் பாடத்தில் கிராம சபையைப் பற்றி ஐந்து மதிப்பெண் கேள்வி வரும். அந்தப் பிள்ளை அதை இனி மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

அப்புறம் பனை விதை. நான் தாவரவியல்காரி என்பதால் இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். புயலில் தோப்புத் தோப்பாகத் தென்னை சாய்ந்தபோது வரப்போரம் பனை நின்றதைக் கண்ணால் பார்த்தவர்கள் நீங்கள். பனை நம் மாநில மரம். அதன் சல்லி வேர்கள் குளத்துக் கரை மண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். கால்வாய்த் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் இருக்கிற நமக்கு ஏரி, குளம் எவ்வளவு முக்கியம் என்று விவசாயம் செய்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி தண்ணீர் திறந்தாலும், கல்லணைக் கால்வாய் வழியாக நம் வயலுக்கு வந்து சேர்வதற்குள் எத்தனை நாள் காத்திருக்கிறோம். 2019-இல் பேராவூரணிப் பெரியகுளத்தை இந்தப் பகுதி இளைஞர்களே ஒன்றுசேர்ந்து தூர்வாரினார்கள். அதை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான், நம் பிள்ளைகளுக்கும் ஒரு குளக்கரையை ஒப்படைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

சென்ற அக்டோபரில் முகாம் நடந்த ஊர்க் குளக்கரையில் பனங்கொட்டைகளை நட்டார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்த பிள்ளைகள் “ஒண்ணுமே முளைக்கல டீச்சர்” என்று முகம் வாடி வந்தார்கள். பனையில் முளை முதலில் மேலே வராது, கீழே போகும். மண்ணுக்குள் கிழங்கு கட்டிய பிறகுதான் ஓலை வெளியே தலை காட்டும். பொங்கலுக்கு நாம் அவித்துத் தின்கிற பனங்கிழங்கு அதுதானே. இதைச் சொன்னதும் ஒரு பையன் “அப்ப தோண்டிப் பாக்கலாமா” என்று கேட்டான். வேண்டாம் என்றேன். இந்த ஆவணியில் போய்ப் பார்த்தோம். பாதிக்கு மேல் ஓலை விட்டிருக்கிறது. இது ஆண் பனையா பெண் பனையா என்று தெரியவே இன்னும் பன்னிரண்டு, பதினைந்து வருடம் ஆகும். “அப்ப எங்களுக்கு முப்பது வயசு” என்று கணக்குப் போட்டுக்கொண்டே சைக்கிளில் வந்தார்கள். இந்த ஆண்டு முகாமிலும் கரையின் மீதிப் பகுதியில் நடப்போகிறோம்.

சரி, படிப்பு கெட்டுவிடாதா என்ற கேள்விக்கு வருகிறேன். முகாமுக்குப் போகிறவர்கள் பதினொன்றாம் வகுப்பு. 2025-26 கல்வியாண்டு முதல் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். தேர்வு இல்லை என்பதற்காகப் பாடத்தை விட்டுவிடப் போவதில்லை, பதினொன்றில் அடித்தளம் சரியாக விழவில்லை என்றால் பன்னிரண்டில் தடுமாறுவார்கள். ஆனால் முகாம் நடப்பது விடுமுறையில். ஒரு வகுப்பும் போகாது. முகாமிலும் காலை ஐந்தரையிலிருந்து ஏழு மணி வரை படிக்கும் நேரம், ஆசிரியர் கூடவே இருப்பார். விடுமுறையில் வீட்டில் இருந்தால் பிள்ளை அந்த ஒன்றரை மணி நேரம் படிக்குமா, கையில் போன் இருக்குமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். முகாம் முடித்தால் சான்றிதழ் கிடைக்கும். அதற்காக மட்டும் அனுப்ப வேண்டாம்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்றவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பிள்ளைகள் எதில் கெட்டிக்காரர்கள் என்பது விடைத்தாளில் பாதிதான் தெரியும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான கலைப் போட்டியான கலைத்திருவிழா 2022-இல் தொடங்கிய வருடம், வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன் பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடை ஏறினான். அடித்த அடியில் மைதானத்தில் பந்து விளையாடிக்கொண்டிருந்தவர்கள்கூட ஓடி வந்துவிட்டார்கள். அவன் தாத்தா காலத்திலிருந்து வருகிற அடி அது. அந்த நாளுக்குப் பிறகு அவன் வகுப்பில் கேள்வி கேட்க ஆரம்பித்தான். இந்த ஆண்டும் கலைத்திருவிழாவுக்குப் பெயர் கொடுத்திருக்கும் பிள்ளைகள் மாலை ஐந்தேகால் வரை பயிற்சிக்கு இருப்பார்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பெற்றோர் சிலர் வந்து பெயரை எடுத்துவிடச் சொன்னீர்கள். இரண்டு வாரம் பொறுத்துப் பாருங்கள், மதிப்பெண் குறைந்தால் நானே எடுத்துவிடுகிறேன்.

பள்ளிப் பிள்ளைகளை ஐந்து குழுக்களாகப் பிரிக்கும் மகிழ் முற்றம் திட்டமும் நன்றாக நடக்கிறது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்து குழுவிலும் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை பிள்ளைகள் கலந்து இருப்பதால், பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளைத் தம்பி, தங்கை என்று கூப்பிடுகிறார்கள். மதிய இடைவேளைச் சண்டைகள் கண்கூடாகக் குறைந்திருக்கின்றன.

இனி பெண் பிள்ளைகளுக்கான ஏற்பாடு. முகாம் நடக்கும் ஊரின் தொடக்கப் பள்ளிக் கட்டடத்தில் தங்குகிறார்கள். பெண் பிள்ளைகளுக்குத் தனிக் கட்டடம், சுற்றுச்சுவர் உண்டு. கழிவறைக் கதவுகளின் தாழ்ப்பாள், தண்ணீர், விளக்கு மூன்றையும் நானே போய்ப் பார்த்தேன். இரண்டு தாழ்ப்பாள் சரியில்லை, மாற்றியாகிவிட்டது. இரண்டு ஆசிரியைகள் ஏழு இரவும் கூடவே தங்குகிறார்கள், மூன்று இரவு நானும் தங்குகிறேன். இதற்குமேலும் இரவு தங்க விட மனம் வரவில்லை என்றால், மாலை ஆறு மணிக்கு வேனில் வீட்டு வாசலில் கொண்டுவந்து விடுகிறோம், காலையில் வந்து கூட்டிப் போகிறோம். அப்படி ஒரு வசதி இருக்கிறது என்பதைப் படிவத்தில் நாங்கள் தெளிவாக எழுதவில்லை. அது எங்கள் தவறு. நீங்கள் எந்த நேரத்திலும் முகாமுக்கு வந்து பார்க்கலாம், முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. முகாமில் மட்டுமில்லை, பள்ளியில் எந்த நாளிலும் பிள்ளைக்கு மனவருத்தமோ தொந்தரவோ இருந்தால் என்னிடம் வாருங்கள். என்னிடம் சொல்லத் தயங்கினால் பள்ளிக் கல்வி உதவி எண் 14417 அல்லது குழந்தைகள் உதவி எண் 1098-க்கு நீங்களோ பிள்ளையோ பேசலாம்.

சென்ற ஆண்டு தன் மகளை அனுப்பவே மாட்டேன் என்று சொன்ன ஓர் அம்மா, இரண்டாம் நாள் சாயங்காலம் திடீரென்று வந்து நின்றார். மகள் பெரிய சட்டியில் சாம்பார் கிளறிக்கொண்டிருந்தாள். வீட்டில் ஒரு டம்ளரைக்கூட நகர்த்த மாட்டாள் என்று சொல்லிச் சிரித்தார். அன்றிரவு அங்கேயே இருந்து எல்லோருக்கும் பரிமாறிவிட்டுத்தான் போனார். இந்த ஆண்டு முகாமின் சமையல் மேற்பார்வைக்கு அவரே பெயர் கொடுத்திருக்கிறார்.

முகாமுக்குப் பணம் எதுவும் தர வேண்டாம். யாராவது கேட்டால் என்னிடம் சொல்லுங்கள். ஒரு போர்வை, தட்டு, டம்ளர், மாற்றுத் துணி, செருப்பு, வழக்கமாகச் சாப்பிடும் மருந்து இருந்தால் மருந்துச் சீட்டோடு கொடுத்தனுப்புங்கள். தங்க நகை வேண்டாம். போன் கொண்டுவரக் கூடாது. ஆசிரியை போனிலிருந்து தினமும் இரவு எட்டு மணிக்குப் பிள்ளை உங்களிடம் பேசுவாள்.

இந்த வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குப் பள்ளியில் பெற்றோர் கூட்டம். சந்தேகம் எதுவானாலும் நேரில் கேளுங்கள். அப்பாக்களும் வாருங்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் அம்மாக்கள்தான் வேலையை விட்டுவிட்டு வருகிறார்கள். வேண்டாம் என்று எழுதிய படிவத்தை மாற்றித் தர விரும்புகிறவர்களுக்குப் புதுப் படிவம் அங்கேயே கிடைக்கும்.

இன்னொன்று. உங்கள் கொல்லையிலோ வரப்பிலோ பனம்பழம் விழுந்து கிடந்தால், கொட்டைகளைப் பொறுக்கிச் சாக்கில் கட்டிப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புங்கள். சைக்கிள் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் குவித்து வைக்கிறோம். நன்கு பழுத்து விழுந்ததாக இருக்கட்டும், வெட்டிய நுங்குக் காய் வேண்டாம்.

அன்புடன்,
தலைமையாசிரியை