பேணி வந்து சேந்தது

கோண்டாவில்
வெள்ளிக்கிழமை

அன்பான தம்பிக்கு,

நாங்கள் சுகம். உன்ரை சுகத்தை நீதான் எழுதவேணும். நீ அனுப்பின பேணி இரண்டும் வந்து சேந்தது. ‘என்ரை பொடியன் அனுப்பினது’ எண்டு அப்பா முன்வீட்டுக்கும் கொண்டுபோய்க் காட்டிப்போட்டார்.

பேணியிலை சிக்கரி வேரிலை எடுத்த இனுலின் எண்ட நார்ச்சத்துத் தூள் எண்டு கிடந்தது. நாலு நாளா வெளிக்குப் போகாத மனுசன், எனக்கு அந்தரம். முதல் நாளே மூண்டு கரண்டி கலக்கிக் குடுத்திட்டன். விடியவிடிய வயிறு பொருமிக் கட்டிலிலை நெளிஞ்சார். முப்பது வருசம் விஞ்ஞானம் படிப்பிச்ச நான் யோசிச்சிருக்கவேணும். சின்னக்குடலிலை அது சமிக்காது. பெருங்குடலிலை இருக்கிற பக்ரீறியாதான் அதைத் திண்டு புளிக்க வைக்கும். மலம் இளகிறதும் அதாலைதான், வாய்வு வாறதும் அதாலைதான். ஒழுங்கா வெளிக்குப் போக உதவும் எண்டு ஐரோப்பாவிலை 2015இலை ஒத்துக்கொண்ட அளவு நாளைக்கு 12 கிராம். ஆனா அரைத் தேக்கரண்டியிலை துடங்கி மெல்லமெல்லத்தான் ஏத்தவேணும். இப்ப காலமைக் கஞ்சியிலை அப்பிடித்தான் கலக்கிறன்.

இனிப் பேணி அனுப்பாதை. வெங்காயத்திலையும் உள்ளியிலையும் அந்தச் சத்துக் கொஞ்சம் இருக்கு. குரக்கன் புட்டு, முருங்கையிலை, ஒடியற்கூழ் எல்லாம் வீட்டிலை இருக்கு. பார்சல் கூலியே எவ்வளவு வந்திருக்கும்? அந்தக் காசை வைச்சிரு. முந்தி வேலை முடிஞ்சு பஸ்ஸிலை வரேக்கை எடுப்பாய். இப்ப உங்கை வேலை நேரத்திலையே வட்சப்பிலை நிக்கிறாய், ஆனா எடுக்கிறாய் இல்லை. நான் ஒண்டும் கேக்கேல்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

தம்பி, உனக்கு ஒண்டு மறைச்சுப்போட்டன். போன மாரியிலை அப்பா இரவிலை எழும்பிப் போய்க் கிணத்தடியிலை விழுந்தவரெல்லே. அதுக்குப் பிறகு பொழுதுபட்டால் நான் அவருக்குத் தண்ணி குடுக்கிறேல்லை. பிறகு பின்னேரத் தேத்தண்ணியையும் நிப்பாட்டினன். கட்டிலடியிலை இருந்த செம்பை எடுத்து அலுமாரிக்கு மேலை வைச்சன். கேட்டால், ‘இப்பத்தானே குடிச்சனீங்கள்’ எண்டு சொல்லுவன். அவரும் நம்பித் தலையாட்டுவார். வயது போனால் தாகமே குறைவு. அதிலை நானும் மறிச்சால், இரும்புச்சத்துக் குளிசையும் சேந்தால், இறுகாமல் என்ன செய்யும்? நீ போனிலை ‘தண்ணி குடுக்கிறீங்களோ அம்மா’ எண்டு கேட்டனி. ஓம் எண்டன். அந்தப் பொய்யை நம்பித்தான் நீ காசைச் செலவழிச்சனி.

டொக்டரிட்டையும் எல்லாத்தையும் சொன்னன். இரத்தம் போகுதோ, ஆள் மெலியிறாரோ எண்டு கேட்டார், ரெண்டும் இல்லை. குளிசையையும் பாத்து, தான் சொல்லாமல் நிப்பாட்ட வேண்டாம் எண்டவர். இரவுக்கு மூத்திரப் போத்தல் ஒண்டு வாங்கிக் கட்டிலோடை வைச்சிருக்கிறன். செம்பும் பழைய இடத்துக்கு வந்திட்டுது. முதல் இரவு அப்பா அதைத் தடவிப் பாத்திட்டு, ஒண்டும் கேக்காமல் முழுசாக் குடிச்சார். எனக்கு நித்திரை வரேல்லை.

நேற்றுக் காலமை கஷ்டப்படாமல் வெளிக்குப் போட்டு வந்து, ‘தம்பிக்குச் சொல்லு’ எண்டார். நீ எடுத்தால் அவரே சொல்லுவார். இஞ்சை நடுச்சாமம் எண்டாலும் பறவாயில்லை, எடு.

பேணி அனுப்பாதை.

அம்மா