சனிக்கிழமை ஆட்டத்திற்கும் போய் வா

கோயம்புத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகனுக்கு,

இங்கே அனைவரும் நலம். நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் கிரிக்கெட் கிளப் ஒன்றில் நீ சேர்ந்துவிட்டதாகவும், லீக் அணியில் இடம் கிடைக்காமல் சனிக்கிழமை நட்பு ஆட்டங்களுக்கு மட்டும் போவது வீண் என்று சொல்வதாகவும் அம்மா கூறினாள். தொலைபேசியில் இதைப் பற்றிப் பேசினால் பாதியிலேயே “சரிப்பா” என்று முடித்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

நான் மஸ்கட்டில் வேலை பார்த்த ஆண்டுகளில் அங்கே விடுமுறை நாள் வெள்ளிக்கிழமை. நாங்கள் ஆடிய மைதானத்தில் ஒரு புல்கூடக் கிடையாது. மண்ணும் சரளையும் கலந்த தரையின் நடுவே சிமெண்டுத் தளம், அதன்மேல் இழுத்துக் கட்டிய பாய், அவ்வளவுதான். பாய்ந்து பந்தைப் பிடித்தால் முழங்கையில் ஒரு மாதம் காயம் இருக்கும். அதே நாட்டில், அல் அமராத்தின் பச்சைப் புல்தரையில், 2021 அக்டோபர் 17 அன்று இருபது ஓவர் உலகக் கோப்பையின் முதல் ஆட்டம் நடந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, நான் என் முழங்கையைத் தடவிக்கொண்டதைப் பார்த்து அம்மா சிரித்தாள்.

அங்கே நானும் உன்னைப் போலவே லீக் அணியைத்தான் பெரிதாக நினைத்தேன். நட்பு ஆட்டங்களில் வெளி நடுவர் இருக்கமாட்டார். மட்டை பிடிக்கும் அணியைச் சேர்ந்த இருவரே மாறி மாறி நடுவராக நிற்கவேண்டும். ஒரு வெள்ளியன்று அப்படி நான் நின்றபோது, வாரந்தோறும் தன் காரில் என்னை மைதானத்திற்கு ஏற்றிவருபவரும் லீக் அணியைத் தேர்ந்தெடுப்பவருமான எங்கள் மூத்த ஆட்டக்காரர் நாற்பத்தாறு ரன்னில் இருந்தார். பின்காலில் சென்று ஆடிய அவருடைய கால்காப்பில், நடு ஸ்டம்புக்கு நேராக, முழங்காலுக்குக் கீழே பந்து பட்டது. எல்பிடபிள்யூ, அதாவது ஸ்டம்பில் படவேண்டிய பந்தைக் காலால் மறித்து ஆட்டமிழந்தார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. இருந்தும் தலையை ஆட்டி மறுத்துவிட்டேன். அவர் ஐம்பதைக் கடந்தார்; நாங்கள் ஆறு ரன்னில் வென்றோம். ஆட்டம் முடிந்ததும் எதிரணித் தலைவர் தம் கையாலேயே எனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். ஒரு வார்த்தையும் பேசவில்லை. அடுத்த பருவத்தில் அவர்கள் எங்களை ஆட அழைக்கவே இல்லை. லீக் என்றால் பட்டியலில் உள்ளபடி வந்து ஆடியே தீரவேண்டும். நட்பு ஆட்டமோ ஒருவர் இன்னொருவரைத் தொலைபேசியில் கூப்பிட்டால்தான் உண்டு. அடுத்த பருவத்தில் எனக்கு லீக் அணியிலும் இடம் கிடைத்தது. அந்த இடத்தைப் பற்றி இன்றுவரை யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை.

வேலைக்காக வந்தவர்கள் நடத்தும் கிளப்பில் யாரும் நிலையாக இருப்பதில்லை. இந்த ஆண்டு தலைவராக இருப்பவர் அடுத்த ஆண்டு வேறு நாட்டுக்கு மாற்றலாகிப் போயிருப்பார். ஒருவருக்குக் குழந்தை பிறக்கும், இன்னொருவருக்கு விசா முடியும். லீக் அணியில் திடீரென்று ஓர் இடம் காலியாகும்போது, சனிக்கிழமைகளில் தன் கண்ணெதிரே பாய் விரித்து, ஸ்கோர் புத்தகம் எழுதி, தன் ஓவர்களை முணுமுணுக்காமல் வீசியவனைத்தான் தலைவர் கூப்பிடுவார். அதற்காக மட்டும் போ என்று சொல்லவில்லை. முப்பதோ ஐம்பதோ எடுத்ததும் மட்டையை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டு வரும் அந்த ஆட்டத்தில், அலுவலகத்தில் உன்னைவிட நான்கு படி மேலே இருப்பவர் பூஜ்யத்தில் ஆட்டமிழந்து உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சிரிப்பார். அது வேறு எங்கே கிடைக்கும்?

இன்னொன்று. நாம்தான் அந்த ஊருக்குக் கிரிக்கெட்டைக் கொண்டுபோனோம் என்ற நினைப்பு நம்மவர்களிடம் உண்டு. நெதர்லாந்தின் கிரிக்கெட் சங்கம் 1883 இலேயே தோன்றியது. 1964 இல் தி ஹேக் நகரில், பாய் விரித்த தளத்தில், அவர்கள் ஆஸ்திரேலிய அணியையே மூன்று விக்கெட் வித்தியாசத்தில் தோற்கடித்தார்கள். உங்கள் கிளப்பில் வயதான டச்சுக்காரர் யாராவது இருந்தால் அவர் அருகில் உட்கார்ந்து பேச்சுக்கொடு. கிளப்பின் மதுக்கூடத்தில் உறுப்பினர்கள் முறைவைத்துப் பணி செய்யவேண்டும் என்று நீ சலித்துக்கொண்டாயாம். நீ குடிக்காவிட்டாலும் கோப்பைகளைக் கழுவலாம், காப்பி போடலாம்.

செயற்கைப் புல்விரிப்பில் பந்து நீ நினைப்பதைவிட உயரமாக எழும்பும். கல்லூரியில் ஆடியதுபோல முன்காலை நீட்டிக்கொண்டே இருக்காதே. பின்காலுக்குப் போய்ப் பந்தை வரவிட்டு ஆடு. ஆணி வைத்த காலணி விரிப்பைக் கிழித்துவிடும், ரப்பர் அடிக் காலணிதான் வேண்டும். உன் பழைய சோடியை அம்மா பரணிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறாள். அடுத்த மாதம் அங்கே வரும் பக்கத்து வீட்டுப் பையனிடம் பருப்புப் பொடியோடு சேர்த்துக் கொடுத்தனுப்புகிறோம். உன் கால் அளவு இன்னும் ஒன்பதுதானா என்று மட்டும் எழுது.

அன்புடன்,
அப்பா