எச்சரிக்கை வருகிறது, காணி வரவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

நான் இலங்கை மலைநாட்டில் புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஒபிசில் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவன். காலையில் மழைமானியைத் திறந்து அளவைப் பார்த்துப் பெரிய புத்தகத்தில் பதிவதுதான் என் முதல் வேலை. பழைய பக்கங்களைப் புரட்டினால் வாரக்கணக்கில் சின்னச் சின்ன இலக்கங்களாக இருக்கும். நாள் முழுக்கத் தூறும், மண் குடித்துக்கொள்ளும். இப்போது கொழுந்து கருகுமளவுக்குக் காய்கிறது, பிறகு ஒரே இரவில் கொட்டித் தீர்க்கிறது. காற்று ஒரு பாகை சூடானால் ஏறக்குறைய 7 வீதம் கூடுதலாக ஈரம் பிடிக்குமாம். அந்த ஈரம் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயங்களுக்குப் பின்னால் உள்ள மேட்டில்தான் வந்து இறங்குகிறது.

2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலில் நாடெங்கும் 600 பேருக்கு மேல் மாண்டார்கள். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலையே இறங்கி ஆட்களைப் புதைத்தது. எங்கள் டிவிசனில் தெய்வாதீனமாக உயிர்ச்சேதம் இல்லை. அதனாலோ என்னவோ, எங்களைப் பற்றிப் பேச்சும் இல்லை.

மேட்டு லயத்தின் பின்சுவரில் மண் சாய்ந்து நிற்கிறது. ஒரு காம்பராவின் (அறையின்) தரை வெடிப்புக்குள் என் நாலு விரலும் போகின்றன. அந்த வீட்டுக்காரம்மா அதன் மேல் உரச் சாக்கை விரித்துப் பிள்ளையைப் படுக்க வைத்திருந்தார். அதிகாரிகள் வந்து பார்த்து, இங்கே குடியிருக்கக் கூடாது என்றார்கள். அதில் தப்பே இல்லை. பாடசாலையில் தங்கியிருந்த சனம், பாடசாலை திறக்கப் போகிறார்கள் என்றதும் வெளியேறியது. சில குடும்பங்கள் சொந்தக்காரர் வீட்டு இஸ்தோப்பில் (முன்திண்ணையில்) ஒண்டிக்கொண்டன, மற்றவர்கள் திரும்பவும் அதே காம்பராவுக்கே போனார்கள். மழை இருட்டினால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கோயில் மண்டபத்துக்கு ஓடி வருகிறார்கள். விடிந்தால் கொழுந்து பறிக்கப் போக வேண்டும், போகாவிட்டால் பேர் இல்லை, அன்றைய சம்பளமும் இல்லை.

தோட்டத்து ஆட்கள்தான் மேட்டை வெட்டிச் சரிவை வரவழைக்கிறார்கள் என்று ஒரு உத்தியோகத்தர் என் முன்னாலேயே சொன்னார். வெட்டத்தான் செய்கிறார்கள். வெள்ளைக்காரன் காலத்து லயத்தில் ஒரு காம்பராவும் ஒரு இஸ்தோப்பும்தான். மகனுக்குக் கல்யாணம் கட்டி வைத்தால் எங்கே படுக்க வைப்பது? முன்னால் பாதை, இரண்டு பக்கமும் அடுத்தவர் சுவர். மிச்சமிருப்பது பின்மேடு. அதை வெட்டி ஒரு குசினி கட்டுகிறார்கள், பக்கத்து வீட்டுக்காரரும் கட்டுகிறார், தண்ணீர் போகிற கான் மூடிப்போகிறது. வீடு கட்ட ஏழு பேர்ச் காணி கையில் இருந்தால் யாராவது மலையைக் குடைவார்களா?

முழுக்க இடிந்த வீட்டுக்கு 50 இலட்சம் ரூபா வரை, சுத்தம் செய்ய 25,000 ரூபா என்று அரசாங்கம் அறிவித்தது. நல்ல காரியம்தான். ஆனால் பாதி சரிந்த மண்ணுக்குக் கீழே இன்னும் விழாமல் நிற்கிற லயத்துக்கு என்ன கணக்கு? அது யாருடைய வீடு? நிலம் அரசாங்கத்துடையது, 1992இல் இருந்து தோட்டத்தை நடத்துவது கம்பனி, கூரைத் தகரம் வாங்கியது குடும்பத்துக் காசு. மூன்று பேரில் யாரிடம் கேட்டாலும் மற்ற இரண்டு பேரைக் கைகாட்டுகிறார்கள்.

எங்கள் தோட்டத்திலேயே பாதையோரம், ஓரளவு சமதரையில், கவ்வாத்து (கிளை வெட்டு) காணாமல் காடேறிப்போன தேயிலை கிடக்கிறது. அந்த இடத்தைப் பரிசோதித்து ஒதுக்கித் தரும்படி கடிதம் கொடுத்தோம். கம்பனி சம்மதிக்க வேண்டும் என்றது ஒரு கந்தோர், அது அரசாங்கக் காணி என்றது இன்னொரு கந்தோர்.

கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மண்சரிவில் லயங்கள் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் சொல்லப்பட்டிருந்தது. அங்கேயும் எச்சரிக்கைக்குப் பஞ்சமில்லை.

தங்கள் நிருபர்கள் ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். குடியிருக்கத் தகாதவை என்று சொல்லப்பட்ட லயங்கள் எவை? அந்தக் குடும்பங்களுக்கு அளந்து வைத்த காணி எங்கே? கிடைக்கும் பதிலைத் தோட்டம் தோட்டமாகப் பத்திரிகையில் போடுங்கள். காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற பிரட்டுக்களத்தில் ஒட்டி வைக்க நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கிவிடும், அதற்கு முன்னால் செய்தால் புண்ணியமாகப் போகும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிளாக்கர்,
புசல்லாவை.